பிள்ளையோடு யார் இருப்பது

பனிச்சறுக்கு மலைக்குப் போவதென்று முதலில் முடிவெடுத்தது என் கணவர் அல்ல, அவருடைய அலுவலகம். ஓக்லாந்தின் எல்லர்ஸ்லிப் பகுதியில் அவர் கணக்காளராக வேலை பார்த்த இடத்தில் குளிர்காலம் வந்துவிட்டால் ஆட்களுக்கு வேறு பேச்சே கிடையாது. திங்கட்கிழமைக் காலையில் ஒருவர் முழங்காலைத் தடவியபடி வருவார். இன்னொருவர் கண்ணாடி போட்ட இடம் மட்டும் வெளுத்திருக்க, மிச்ச முகம் சிவந்துபோய் வருவார். நீ இன்னும் போகவில்லையா, நீ இன்னும் போகவில்லையா என்று கேட்டுக் கேட்டு, என் மனுசனுக்கு அது மானப் பிரச்சினையாகிவிட்டது. எண்பதுகளின் நடுப்பகுதி அது. ஓக்லாந்தில் எங்கள் தமிழ் ஆட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் ஒருவர்கூட அந்த மலையில் சறுக்கியதாக நாங்கள் கேள்விப்பட்டதில்லை. தான்தான் முதல் ஆள் என்று அவர் மனதுக்குள் முடிவு செய்திருக்க வேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, வண்ணப் படம் போட்ட விளம்பரத் தாள்களைக் கொண்டுவந்து சமையலறை மேசையில் பரப்பினார். நாங்கள் அப்போது கிளென்ஃபீல்டில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். மகளுக்கு எட்டு மாதம். இடுப்பில் அவளை வைத்துக்கொண்டு நான் பருப்பு கிண்டிக்கொண்டிருந்தேன்.

"இஞ்சரும், இதைப் பாரும். அக்காவையும் அத்தானையும் கூட்டிக்கொண்டு போவம். நாங்கள் மேல போய்ச் சறுக்கப் பழகேக்க நீர் பிள்ளையோட கீழ இருக்கலாம். அங்க இருந்து பாக்க நல்ல வடிவாம்."

அவர் நல்ல மனுசன். அதில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை. கெட்ட எண்ணத்தோடு சொல்லியிருந்தால் அங்கேயே அகப்பையால் ஒரு பதில் சொல்லியிருப்பேன். எனக்கு வசதி செய்து தருவதாக நினைத்துச் சொன்னார் பாருங்கள், அதுதான் என்னைக் கொதிக்க வைத்தது.

நான் யாழ்ப்பாணத்தில் படிக்கும்போது பள்ளிக்கூடத்துக்காக ஓடியவள். நூறு மீற்றர், இருநூறு மீற்றர், அஞ்சலோட்டத்தில் கடைசியாகத் தடியை வாங்கி ஓடுகிற ஆள். யாராவது இரு என்று சொன்னால் எழும்பி நிற்கிற குணம் எனக்கு. அப்படிப்பட்டவள் பிள்ளை பிறந்த நாளிலிருந்து இருந்துகொண்டேயிருந்தேன். தமிழ் ஆட்கள் கூடுகிற எந்த வீட்டுக்குப் போனாலும் பின்பக்கத்தில் ஓர் அறை இருக்கும். கட்டிலில் எல்லாருடைய கோட்டுகளும் குவிந்து கிடக்கும். அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் பால் கொடுத்துக்கொண்டு நான் இருப்பேன். முன்னறையில் சிரிப்புக் கேட்கும். என்ன சொல்லிச் சிரித்தார்கள் என்று வீட்டுக்கு வரும் வழியில் காருக்குள் கணவர் விளக்குவார். விளக்கிக் கேட்ட பகிடிக்கு யாருக்குத்தான் சிரிப்பு வரும்?

அந்தத் தாள்களில் ஒன்றில், சிவப்புக் கோட்டுப் போட்ட ஒரு பெண் வெள்ளைச் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் பனி தூளாக எழும்பியிருந்தது. நான் அடுப்பை அணைத்துவிட்டு அந்தப் படத்தைப் பார்த்தேன். எனக்கும் அது வேண்டும் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

மச்சாள், அதாவது கணவரின் அக்கா, நகரின் தெற்குக் கோடியில், மனுரேவாவில் இருந்தார். எங்களுக்குப் பத்து வருடம் முன்பே இந்த நாட்டுக்கு வந்தவர்கள். அவருடைய கணவரை நான் அண்ணை என்று கூப்பிடுவேன். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை மச்சாள் வீட்டில் சாப்பிட்ட பிறகு, எந்த இடத்துக்குப் போவது என்ற மாநாடு தொடங்கியது.

மலை ஒன்றுதான், ருவாபெகு. அதில் ஏறி இறங்க இடங்கள் பல. வடக்குப் பக்கம் ஒரு பெரிய இடம், தெற்குப் பக்கம் இன்னொன்று, கிழக்கில் ஏதோ ஒரு கழகத்தார் நடத்தும் சின்ன இடம். கணவருக்கு வடக்குத்தான் வேண்டும், ஏனென்றால் அலுவலகத்தார் அங்கேதான் போகிறார்கள். அண்ணைக்கு மலையைப் பற்றிக் கவலையே இல்லை, ரோட்டைப் பற்றித்தான் கவலை. எந்தப் பக்கம் வளைவு குறைவு, எங்கே பனியில் வழுக்காமல் சில்லுக்குச் சங்கிலி பூட்ட வேண்டும் என்று வரைபடத்தை மூக்கில் முட்ட வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மச்சாளுக்குத் தங்குகிற இடத்தில் சமைக்கக் குசினி இருக்க வேண்டும்.

"ரெண்டு நாளைக்குப் பாணும் பட்டரும் திண்டு என்னால ஏலாது. குசினி இல்லாத இடத்துக்கு நான் வரமாட்டன்."

"பிள்ளைகளைப் பாக்கிற இடம் ஏதும் இருக்கோ எண்டும் பாருங்கோ," என்றேன் நான். "அங்க விட்டிட்டு நானும் பழகலாம்."

மச்சாள் கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"முன்பின் தெரியாத ஆக்களிட்டயோ? பால்குடிப் பிள்ளையையோ? எங்கட ஆக்கள் ஆரும் அப்பிடிச் செய்யிறேல்ல."

"அப்ப நீங்கள் கொஞ்சநேரம் வைச்சிருங்கோவன் மச்சாள்."

மச்சாளின் முகம் மாறியது. கோபம் இல்லை, கூச்சம். கோப்பையின் கைபிடியைத் திருப்பிக்கொண்டே சொன்னார்: "எனக்கும் ஒருக்கா அதில நிண்டு பாக்க வேணும் எண்டு ஆசை இருக்கு. நாப்பத்தஞ்சு வயசாகுது. இனி எப்ப? உனக்கு வயசிருக்கு, நீ அடுத்த வருசம் பழகலாம்."

அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் அடுத்த வருடம் வரும்போது என் மடியில் அடுத்த பிள்ளை இருக்கும் என்பதும் எனக்கு நன்றாகத் தெரியும். அடுத்த வருடம், அடுத்த வருடம் என்று எத்தனை பெண்கள் அந்தக் கோட்டுக் குவியல் பக்கத்திலேயே கிழவியானார்களோ.

திங்கட்கிழமை கணவர் வேலைக்குப் போனதும், பிள்ளையை நித்திரையாக்கிவிட்டுத் தொலைபேசிக்கு முன்னால் இருந்தேன். எனக்கு ஆங்கிலம் வாசிக்க, எழுத நன்றாக வரும். தொலைபேசியில் இந்த நாட்டு ஆங்கிலம் கேட்டால்தான் பாதி பிடிபடாது. கேட்க வேண்டியதை இரண்டு மூன்று தரம் சுவருக்குச் சொல்லிப் பார்த்துவிட்டு எண்களைச் சுழற்றினேன்.

வடக்குப் பக்கத்தில், இரண்டு வயது ஆகியிருக்க வேண்டும், தானாக நடக்கவும் வேண்டும் என்றார்கள். கழகத்தார் இடத்தில் எடுத்த ஆள் மரியாதையாகச் சிரித்தார். அங்கே ஒரு குடிசையும் ஓர் அடுப்பும்தான் உண்டாம். தெற்குப் பக்கத்தில் ஒரு பெண் பேசினார். காலையில் மட்டும் குழந்தைகளைப் பார்க்கிறோம், ஹீட்டர் போட்ட அறை இருக்கிறது, எட்டு மாதம் என்றாலும் பரவாயில்லை, ஆனால் போத்தலில் பால் குடிக்க வேண்டும் என்றார். குடிப்பாளா என்று கேட்டார். குடிப்பாள் என்றேன். என் மகள் அதுவரை போத்தலை வாயால் தொட்டதில்லை.

எனவே தெற்கு. ஆனால் காரணத்தைச் சொன்னால் தெற்கு கிடைக்காது. ஆகவே அன்று மாலை ஆளுக்கு ஏற்றபடி சொன்னேன். மச்சாளிடம், தெற்குப் பக்கத்துச் சிற்றூரில் குசினியோடு கபின்கள், தங்குகிற சின்ன மரவீடுகள், இருக்கின்றன என்றேன். அண்ணையிடம், மேலே போகும் ரோடு நல்ல ரோடாம் என்றேன். கணவரிடம், பின்னேரத்து வெயில் அந்தப் பக்கம்தான் விழும், படம் எடுத்தால் நன்றாக வரும் என்றேன். ஒன்றும் பொய்யில்லை, எல்லாம் அந்தத் தாள்களில் இருந்தவைதான். எதை முதலில் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்பதில்தான் என் கெட்டித்தனம். பிள்ளை பார்க்கும் அறையைப் பற்றி, எல்லாம் முடிவாகிக் கபினும் பதிவு செய்த பிறகு, போகிற போக்கில் சொன்னேன். மச்சாள் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் தானே அழைத்து, எத்தனை தேங்காய் கொண்டுபோவது என்று கேட்டார்.

அடுத்தது போத்தல். நான் கொடுத்தால் மகள் உதட்டை இறுக்கிக்கொண்டு என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அசல் சாமான் பக்கத்தில் இருக்கும்போது ரப்பரை எந்தப் பிள்ளை வாங்கும்? கடைசியில் கணவரிடம் கொடுத்துவிட்டு நான் தோட்டத்துக்குள் போய்விடுவேன். அவர் ரக்பி பார்த்துக்கொண்டே போத்தலைப் பிடிப்பார். திரையில் ஆட்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுவதை வாய் திறந்து பார்த்தபடி, என்ன நடக்கிறதென்று தெரியாமலே மகள் குடிக்கத் தொடங்கினாள். அதன் பிறகு அவர் கையால் என்றால் குடிப்பாள். என்னிடம் வாங்கவே மாட்டாள்.

மலைக்குப் பிள்ளையைக் கொண்டுபோகிறோம் என்ற செய்தி பரவியதும் உடுப்புகள் வந்து சேரத் தொடங்கின. யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா முன்பே அனுப்பிய பொதியில் நீலக் கம்பளிச் சட்டை ஒன்று இருந்தது. முப்பத்திரண்டு பாகை வெயிலில் வியர்க்க வியர்க்க இருந்து பின்னியிருப்பார். மச்சாள் மஞ்சளில் இன்னொன்று பின்னினார், காலுறையோடு சேர்த்து. எங்கள் தெருவில் திருச்சிக்காரக் குடும்பம் ஒன்று இருந்தது. அந்த அக்கா வாசலில் வைத்தே கேட்டார்: "பனி மலைக்கா? கைக்குழந்தைய வச்சுக்கிட்டா? குல்லா இருக்கா உங்ககிட்ட?" நான் பதில் சொல்லுமுன் உள்ளே போய், காதும் கழுத்தும் மூடுகிற தடித்த குல்லாவைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். கணவர் தன் பங்குக்கு மோல் கடையொன்றில் இருந்து, உள்ளே பஞ்சு அடைத்த முழுநீள உடுப்பொன்றை வாங்கி வந்தார். அதைப் போட்டால் பிள்ளையின் கை இரண்டும் மடங்காது.

வெள்ளிக்கிழமை விடியவே புறப்பட்டோம். அண்ணையின் காரில் ஐந்து பேர், சோற்றுப் பானை, தேங்காய்த் துருவல், இடியப்பப் பெட்டி, பிள்ளையின் உடுப்பு மூட்டை. ஹமில்டன் தாண்டும்வரை மச்சாள் எல்லாருக்கும் சம்பல் பூசிய பாண் நீட்டிக்கொண்டேயிருந்தார். பின்னேரம் ஒரு திருப்பத்தில் அண்ணை காரை மெதுவாக்கினார். மலை நின்றது. பச்சை வயல்களுக்கு மேலே, அதற்கும் வயலுக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி, முழுக்க வெள்ளையாக. மச்சாள்தான், "இதில ஏறி என்னண்டு இறங்கிறது?" என்று கேட்டார்.

அடிவாரத்து ஊர் கரட்டுக்குப் பேர்போனது. ரோட்டோரத்தில் ஒரு பெரிய கரட்டைச் சிலையாகவே வைத்திருந்தார்கள். மச்சாள் காரை நிறுத்தச் சொல்லி ஒரு சாக்குக் கரட் வாங்கி, அன்றிரவே கபினில் கரட் சம்பலும் கரட் கறியும் வைத்தார். பக்கத்துக் கபின்காரர் வாசம் பிடித்து வந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஒரு கோப்பை கறியோடு திரும்பிப் போனார்.

மறுநாள் காலையில் பிள்ளைக்கு உடுப்புப் போட்டோம். போட்டோம் என்று பன்மையில் சொல்வது சும்மா இல்லை, ஆளுக்கொரு கை. பனிக்குளிர் நெஞ்சில் இறங்கிவிடும் என்ற பயம் எங்கள் எல்லாருக்கும் எலும்பில் ஊறியது. மார்கழிப் பனிக்கே தலையில் துணி போட்டுக்கொண்டு நடக்கிற சனம் நாங்கள். நெஞ்சிலும் முதுகிலும் விக்ஸ் பூசி, உள்சட்டை போட்டு, அம்மாவின் நீலம், அதற்கு மேல் மச்சாளின் மஞ்சள், திருச்சி அக்காவின் குல்லா, எல்லாவற்றுக்கும் மேலே கணவரின் பஞ்சு உடுப்பு. கன்னத்தில் கறுப்புப் பொட்டு. முடித்துப் பார்த்தால் இரண்டு கண்ணும் பொட்டும்தான் தெரிந்தன. மச்சாளைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இருபது வருடமாகச் சேலை தவிர வேறு உடுத்தறியாதவர், அண்ணையின் நீல டிராக் காற்சட்டையைப் போட்டு இடுப்பில் நாடா கட்டியிருந்தார்.

"சிரிச்சியெண்டா நான் வரமாட்டன்," என்றார்.

காரில் மலைக்கு ஏறியதும், பிள்ளைக் காப்பக அறையில் ஹீட்டர் நன்றாக எரிந்துகொண்டிருந்தது. தொலைபேசியில் பேசிய அதே பெண்தான் என்று குரலில் தெரிந்தது. பிள்ளையை வாங்கி, கொஞ்சம் உடுப்பைக் குறைக்கலாமே என்று கேட்டார். நான் மறுத்தேன். ஒன்றையும் கழற்றவேண்டாம், இவளுக்குக் குளிர் பழக்கமில்லை என்று கண்டிப்பாகச் சொன்னேன். பிள்ளை பிறந்ததே ஓக்லாந்தில், யாழ்ப்பாணத்து வெயிலை அவள் கண்டதேயில்லை. அவளுக்குக் குளிரைத் தவிர வேறென்ன பழக்கம்? ஆனால் அந்த நேரத்தில் அது என் புத்தியில் எட்டவில்லை. மச்சாள் பின்னால் நின்று தலையாட்டினார். அந்தப் பெண் சரி என்றார்.

கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தபோது கை இரண்டும் வெறுமையாகத் தொங்கின. எட்டு மாதத்தில் அப்படிக் கையை வீசி நடந்ததில்லை. குற்றமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. சந்தோஷம்தான் கொஞ்சம் கூட.

தொடக்கக்காரர்களுக்கென்று கீழே ஒரு சின்னச் சரிவு. எங்களுக்குப் பழக்க வந்தவள் இருபது வயதுப் பெண். எங்களோடு சறுக்கப் பழகியவர்களில் பாதிப்பேர் பள்ளிக்கூடப் பிள்ளைகள். முதலில் சமதரையில் பக்கவாட்டில் நடக்கச் சொன்னாள். பிறகு சறுக்குப் பலகைகளின் முன்நுனிகளைச் சேர்த்து, பின்பக்கத்தை அகட்டி நிற்கச் சொன்னாள். அதுதான் பிரேக்காம். கணவர் அதைக் கேட்டு முடியுமுன்பே நின்ற இடத்தில் பொத்தென்று விழுந்தார், அண்ணையும் விழுந்து முழங்காலைத் தடவினார். மச்சாள் இரண்டு கையையும் விரித்தபடி அசையாமல் நின்றார், நான் விழவில்லையே என்ற பெருமை முகத்தில். எனக்கு உடம்பு சொல்வழி கேட்டது. ஓடிய கால்கள் எதையும் மறந்திருக்கவில்லை. சரிவில் மேலே போக ஓடிக்கொண்டேயிருக்கும் ஒரு கயிறு உண்டு, அதைப் பிடித்தால் அது இழுத்துக்கொண்டு போகும். வரிசையில் எனக்கு முன்னால் இன்னும் இரண்டே பேர்.

அப்போதுதான் காப்பகத்தில் உதவிக்கு நின்ற பெண்ணொருத்தி பனிக்குள் ஓடி வந்தாள். பிள்ளைக்கு உடம்பு சுடுகிறது, அழுகை நிற்கவில்லை, வாருங்கள் என்றாள்.

சறுக்குச் சப்பாத்தோடு ஓட முடியாது. ஓடினேன். அறைக்குள் போனால் மகள் மிளகாய்ப்பழம் போலச் சிவந்து, குரல் அடைக்க அழுதுகொண்டிருந்தாள். கணவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "காய்ச்சல். நல்லாச் சுடுது. இறங்குவம், ஊருக்குள்ள டொக்டர் இருப்பார்," என்றார். அண்ணை காரை எடுக்கப் போய்விட்டார்.

"நான் அப்பவே சொன்னன்," என்றார் மச்சாள். சொல்லிக்கொண்டே பிள்ளையின் குல்லாவை இன்னும் இறுக்கி இழுத்துவிட்டார்.

எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. அவளுடைய அழுகை கேட்டதும் பால் சுரந்து, என் சட்டை நனைந்துவிட்டது. முதலில் பால் கொடுப்போம், பிறகு எதுவானாலும் பார்ப்போம் என்று கீழே இருந்துவிட்டேன். ஆனால் அந்தப் பஞ்சு உடுப்போடு அவளை மார்போடு அணைக்க முடியவில்லை, உருண்டு உருண்டு போனாள். அதைக் கழற்றினேன். குல்லாவைக் கழற்றினேன். முடி குளித்தவள் போல ஒட்டிக் கிடந்தது. மஞ்சளைக் கழற்றினேன். நீலத்தைக் கழற்றும்போது அது கையில் பாரமாக இருந்தது, பிழிந்தால் தண்ணீர் வரும். உள்சட்டையோடு மட்டும் அவளைத் தூக்கியபோது அந்தச் சின்ன உடம்பிலிருந்து விக்ஸ் மணத்தோடு ஆவியே வந்தது. காப்பகப் பெண் ஈரத்துணி கொண்டுவந்து தந்தார். முகத்தைத் துடைத்ததும் மகள் ஒரு பெருமூச்சு விட்டாள். பால் குடித்தாள். குடித்து முடித்து, நிமிர்ந்து, சுற்றி நின்ற எங்கள் எல்லாரையும் ஒவ்வொருவராகப் பார்த்துச் சிரித்தாள். நெற்றி குளிர்ந்திருந்தது.

மச்சாள் தான் பின்னிய சட்டையை எடுத்து விரலால் அழுத்திப் பார்த்தார்.

"காய்ச்சலுமில்லை, ஒண்டுமில்லை. நாங்கள் எல்லாருமாச் சேந்து பிள்ளையைப் புட்டு அவிக்கிற மாதிரி அவிச்சுப்போட்டம்."

சொல்லிவிட்டு அவரே சிரிக்கத் தொடங்கினார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. காப்பகப் பெண்ணுக்கு வார்த்தை விளங்காவிட்டாலும் விசயம் விளங்கியிருக்கும். அவரும் சிரித்தார்.

ஆனால் அதற்குள் மதியமாகிவிட்டது. காப்பகம் பூட்டுகிற நேரம். எங்களுக்குப் பழக்கிய பெண்ணும் போய்விட்டாள். இனி விரும்பியவர்கள் தாங்களாகவே சறுக்கிப் பார்க்கலாம், கயிறு பின்னேரம் வரை ஓடும் என்றார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தேநீர்ச்சாலைக்குப் போனோம். சரிவைப் பார்த்தபடி பெரிய யன்னல். இடியப்பப் பெட்டியைத் திறந்து சாப்பிட்டோம். சாப்பிட்டு முடிந்ததும் கணவர் கையுறையைப் போட்டுக்கொண்டு எழும்பினார்.

"சரி, பிள்ளைக்கு ஒண்டுமில்லைத்தானே. நீர் இஞ்ச இவவோட இரும். நாங்கள் மூண்டு பேரும் ஒருக்காப் போட்டு வாறம்."

நான் தெரிந்தெடுத்த மலை. சுவரோடு பேசிப் பழகி எடுத்த தொலைபேசி. போத்தல், கபின், ரோடு, வெயில். எல்லாவற்றையும் செய்து முடித்து நான் வந்து சேர்ந்த இடம், நல்ல யன்னலோடு கூடிய ஒரு பின்னறை. பக்கத்துக் கதிரையில் எல்லாருடைய கோட்டுகளும் கிடந்தன.

நான் சத்தம் போடவில்லை. எழும்பி, மகளை அவருடைய மடியில் இருத்தினேன். அவர் நின்றுகொண்டிருந்ததால் முதலில் அவரை இருக்க வைக்கவேண்டியிருந்தது.

"இண்டைக்கு நீங்கள் இருங்கோ."

"நானோ?"

"ஓம். நான் போட்டு வாறன்."

"பிள்ளை அழுதா?"

"போத்தில் பைக்குள்ள கிடக்கு. உங்களிட்டத்தானே குடிக்கும்."

அவர் கையுறையைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். "ஒஃபிசில கேட்டா என்ன சொல்லுறது?"

"பிள்ளையோட இருந்தனான் எண்டு சொல்லுங்கோ."

அவருடைய முகத்தில் ஒரு கணம் வருத்தம் வந்தது. அதைப் பார்க்க எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. அவருக்கும் ஆசைதானே. ஆனால் நான் பிள்ளையைத் திருப்பி வாங்கவில்லை. வாங்கினால் இனி ஒருபோதும் கொடுக்கமாட்டேன் என்று எனக்குத் தெரியும். அண்ணை தேத்தண்ணியை உறிஞ்சிக்கொண்டு, "எனக்கு இவ்வளவும் காணும், முழங்கால் நோகுது. நான் மச்சானோட இருக்கிறன்," என்று கால்களை நீட்டினார். மச்சாளைப் பார்த்தேன். ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் டிராக் காற்சட்டையின் நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.

"வா போவம்," என்றார்.

முதல் தரம் கயிற்றைப் பிடித்தபோது அது என்னை வெடுக்கென்று இழுத்தது. பயத்தில் விட்டுவிட்டேன். பின்னுக்குச் சறுக்கி வந்து மச்சாளை மோதி, இரண்டு பேரும் ஒன்றாக விழுந்தோம். எந்தக் கால் யாருடையது என்று பிரித்தெடுக்கவே வெகுநேரமாயிற்று. ஆறு வயதுப் பெடியன் ஒருவன் எங்களைச் சுற்றிக்கொண்டு போனான். இரண்டாம் தரம் பாதிவழி. மூன்றாம் தரம் உச்சிவரை போய்விட்டேன். உச்சி என்பது பெரிய வார்த்தை, எங்கள் வீட்டுக் கூரையளவு உயரம் இருக்கும். அங்கே நின்று கீழே பார்த்தால் அது கூரையளவாகத் தெரியவில்லை.

நுனிகளைச் சேர்த்து, பின்பக்கத்தை அகட்டி, முழங்காலை மடித்தேன். நகர்ந்தேன். காற்று முகத்தில் அடித்தது. பலகைக்கு அடியில் பனி கரகரத்தது. விழப்போகிறேன், விழப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டே விழாமல் போய்க்கொண்டிருந்தேன். இடையில் ஓரிடத்தில் அந்த நினைப்பும் நின்றுவிட்டது. அஞ்சலோட்டத்தில் தடி கைக்கு வந்த பிறகு இருந்ததுபோல உடம்பு மட்டும் இருந்தது. கீழே வந்து நின்றபோது நான் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேன் என்பதை மச்சாள் சொல்லித்தான் அறிந்தேன். சிறிது நேரத்தில் அவரும் வந்தார், உட்கார்ந்தபடியே, ஆனால் வந்தார். அவருடைய கண்ணில் நீர் வழிந்தது. குளிருக்கா, வேறெதற்குமா என்று நான் கேட்கவில்லை.

நிமிர்ந்து யன்னலைப் பார்த்தேன். கணவர் எழும்பி நின்றிருந்தார். உள்சட்டையோடு மகள் அவர் தோளில். அவள் அழவில்லை, அவருடைய கையுறையின் நாடாவைச் சப்பிக்கொண்டிருந்தாள். அவர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கையை அசைத்து வரச்சொன்னார். மணிக்கூட்டைத் தட்டிக் காட்டினார். மேற்கில் முகில் இறங்கத் தொடங்கியிருந்தது. யாராவது கூப்பிட்டால் தானாக நடக்கிற கால்கள் என்னுடையவை. எட்டு மாதமாக அவை அப்படித்தான் நடந்திருந்தன.

இந்தத் தரம் அவை நடக்கவில்லை. பற்களால் கையுறையைக் கழற்றி, அவருக்கு நன்றாகத் தெரியும்படி ஒரு விரலை உயர்த்திக் காட்டினேன். இன்னும் ஒரு தரம். அவர் என்ன பதில் காட்டினார் என்று எனக்குத் தெரியாது. நான் அதற்குள் திரும்பிக் கயிற்றைப் பிடித்துவிட்டேன்.